மீத்திறன் மாணவர்: கூடுதல் வேலையா, வேறு வேலையா?

கேள்வி: ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் பதினொரு ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பயிற்சிகளும் கையேடுகளும் போதுமான அளவு கிடைத்திருக்கின்றன. அதில் ஓரளவு கைப்பழக்கமும் வந்துவிட்டது. வகுப்பின் மறுமுனையில் இருப்பவர்களை என்ன செய்வது என்பதில்தான் இந்த ஆண்டு தடுமாறி நிற்கிறேன்.

என் வகுப்பில் நாற்பது பேர். அவர்களில் ஒரு மாணவன், நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறான். பத்துக் கணக்குகளை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பவனின் வேலையைக் கெடுக்கிறான். இன்னும் பத்துக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் செய்தான். மூன்றாவது வாரத்திலிருந்து மிக மெதுவாக எழுதத் தொடங்கிவிட்டான். சீக்கிரம் முடித்தால் இன்னும் வேலை வந்து சேரும் என்பதை அவன் கண்டுகொண்டான் என்று எனக்குப் புரியவே சில நாள்கள் ஆயின. பிறகு, பின்தங்கிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அவனை அமர்த்தினேன். 'இது கூடவா தெரியவில்லை?' என்று அவன் ஒருவனிடம் கேட்க, அந்தப் பையன் அழுதுவிட்டான். அந்த ஏற்பாடும் அன்றோடு நின்றது.

இன்னொருத்தி இருக்கிறாள். ஆறாம் வகுப்பில் எல்லாத் தேர்விலும் முழு மதிப்பெண் வாங்கியவள். இந்த ஆண்டு கை உயர்த்துவதே இல்லை. கடந்த தேர்வில் கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்டுவிட்டு, மிக எளிய இரண்டில் பிழை செய்திருந்தாள். வேண்டுமென்றே செய்தாளோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

மூன்றாவதாக ஒருவன், வாயால் விளக்கும்போது என்னையே வியக்க வைப்பான். எழுதச் சொன்னால் பாதி வரி கூட ஒழுங்காக வராது. அவனை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

தனி வகுப்போ தனி ஆசிரியரோ எங்கள் பள்ளியில் இல்லை, வரப்போவதும் இல்லை. ஒரே அறையில், ஒரே பாடவேளையில், மற்ற முப்பத்தேழு பேரையும் விட்டுவிடாமல் இவர்களுக்கு நான் செய்யக்கூடியது என்ன? 'அவர்கள் எப்படியும் படித்துக்கொள்வார்கள்' என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால் எனக்குக் கவலை இல்லை. எனினும் என் கண்முன் நடப்பது அப்படித் தெரியவில்லை.


மறுமொழி 1: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

அம்மா, வணக்கம். நீங்கள் செய்த முதல் இரண்டையும் நானும் செய்திருக்கிறேன், அதே வரிசையில், அதே விளைவோடு. ஆகவே தவறு எங்கே என்பதிலிருந்து தொடங்குகிறேன். பத்துக் கணக்கு தெரிந்தவனுக்குப் பதினோராவது கணக்கு தண்டனை. அவனுக்குத் தேவைப்படுவது அந்தப் பத்துக் கணக்குகளின் இடத்தில் வைக்கப்படும் வேறொன்று. இந்த ஒரு மாற்றத்தை ஒழுங்காகச் செய்தால், மற்றவை பெரும்பாலும் தாமாகவே வழிக்கு வரும்.

இதற்குப் பெயரிட்டு ஒரு முறையாக வகுத்தவர் அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி. பாடத்தைச் சுருக்குதல் என்று இதைச் சொல்லலாம். மாணவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதி எது என்பதை முதலில் கண்டறிவது, அந்தப் பகுதியின் பயிற்சியிலிருந்து அவனை விடுவிப்பது, அப்படி மிஞ்சிய நேரத்தை ஆழமான வேறொரு வேலைக்குக் கொடுப்பது. சொல்லும்போது எளிதாகத் தோன்றும். ஆசிரியரின் மனம்தான் ஒப்பாது. பயிற்சியை விட்டால் தேர்வில் விழுந்துவிடுவானோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. சாலி ரீசும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுக்குப் பாடப்பகுதியில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை நீக்கிய பிறகும், முழுப்பாடமும் நடத்தப்பட்ட ஒத்த மாணவர்களைவிட அவர்கள் தேர்வில் பின்தங்கவில்லை என்று தெரியவந்தது. பாதிப் பாடம் என்பது சிறிய அளவு அல்ல. ஓராண்டில் எத்தனை பாடவேளைகள் ஆகின்றன என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

நடைமுறையில் நான் செய்தது இதுதான். ஒவ்வொரு அலகையும் தொடங்கும் முன், அந்த அலகின் இறுதியில் வைக்கவிருக்கும் தேர்வுக்கு இணையான ஒரு தாளை முன்தேர்வாக வைத்தேன். விரும்புகிறவர் எவரும் எழுதலாம். யாரையும் நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவருக்கு அந்த அலகின் பயிற்சிகள் முழுவதும் விலக்கு. ஒரு பகுதியில் மட்டும் தடுமாறியவர் அந்தப் பகுதி நடக்கும் நாளில் மற்றவர்களோடு உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பக்கத்தில் மூன்று பத்திகள் வரைந்து வைத்திருந்தேன்: என்ன தெரியும், தெரியும் என்பதற்குச் சான்று என்ன, அதற்குப் பதில் என்ன செய்கிறான். பெற்றோரோ தலைமையாசிரியரோ கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

முன்தேர்வுக்கு நேரமில்லாத நாள்களில் இன்னொரு வழி உண்டு. அன்றைய பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்குகளுக்கு நட்சத்திரக் குறி இட்டுவிடுவேன். அவற்றை முதலில் போட்டு நான்கைச் சரியாக முடித்தவருக்கு எஞ்சியவை தேவையில்லை. வகுப்பில் யாரும் இதை முயலலாம் என்பதால் சலுகை என்ற பேச்சு எழவில்லை.

இனி, பதிலாகக் கொடுக்கும் வேலை. பலர் இங்குதான் சோர்ந்துபோகிறார்கள். புதிர்த்தாள்களைக் கொடுத்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். நேரத்தைப் போக்குவதற்கான புதிர் வேறு, கணிதம் வேறு. பதினோரு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பருவத்தில்தான் பிள்ளைகள், கண்முன் இல்லாதவற்றைப் பற்றியும், 'இப்படியிருந்தால் என்ன ஆகும்' என்ற வகையிலும் முறையாகச் சிந்திக்கத் தொடங்குகிறார்கள் என்று உளவியலாளர் பியாஜே கருதினார். அந்தப் புதிய வலிமைக்குத் தீனி போடும் வினா வேண்டும். தொடக்கம் எளிதாகவும் முடிவு எட்டாத தொலைவிலும் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒன்று சொல்கிறேன். பின்னங்களைத் தசமங்களாக மாற்றும் பாடத்தில், முன்தேர்வில் தேறிய இருவரிடம், எந்தப் பின்னங்கள் முடிவுறும், எவை சுழலும், சுழல்பவை எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை சுழலும் என்று கண்டறியச் சொன்னேன். பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, 2, 5 என்ற பகாக் காரணிகள் மட்டுமே ஆக்கியிருந்தால்தான் தசமம் முடிவுறும் என்பதை இரண்டு நாளில் கண்டார்கள்; சுருங்கிய வடிவில் எழுதினால்தான் இது பொருந்தும் என்பதைக் காண மேலும் ஒரு நாள் ஆயிற்று. பிறகு 1/7-க்கு ஆறு இலக்கங்கள், 1/11-க்கு இரண்டு, 1/13-க்கு ஆறு, 1/37-க்கு மூன்று என்று பட்டியல் வளர்ந்தது. சுழலும் இலக்கங்களின் எண்ணிக்கை, பகு எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். 'பகு எண்' என்று அவள் சொன்னது 7, 11, 13, 37 போன்ற பகா எண்களைத்தான். சொல்லில் பிழை, கருத்தில் பிழை இல்லை. அது எப்போதும் உண்மையா என்று அவர்கள் கேட்டபோது, 'எனக்கு உடனே நிறுவத் தெரியவில்லை, நாளை பார்ப்போம்' என்று சொன்னேன். அன்று இரவு நான் உட்கார்ந்து 1/17-ஐப் பதினாறு இலக்கம் வரை நீள் வகுத்தலில் போட்டுப் பார்த்தேன். என் பணிக்காலத்தில் மிக மகிழ்ச்சியான இரவுகளில் அது ஒன்று. இவ்வகை மாணவருக்குக் கற்பிக்க ஆசிரியர் அவர்களைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை; தெரியாது என்று சொல்லும்போது குரல் நடுங்காமல் இருந்தால் போதும்.

வகுப்பறை ஒழுங்குக்கு ஓர் உடன்படிக்கை எழுதிக் கையொப்பம் வாங்கினேன். நான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தும்போது என்னை இடைமறிக்கக் கூடாது; ஐயத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்; வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் முழுக்க அவர்களுடையது. அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். விட்டுவிட்டால், மூலையில் உட்கார வைத்து மறந்துவிட்டீர்கள் என்று அவர்கள் சரியாகவே முடிவுகட்டுவார்கள்.

பிறருக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது பற்றி: அவ்வப்போது, இருவரும் விரும்பினால், நல்லது. அதையே அவனுடைய பாடமாக்கினால், அவன் கற்க வந்த இடத்தில் ஊதியமில்லாத உதவியாளன் ஆகிறான். விடைக்குத் தாவிச் செல்கிறவனுக்கு, படிப்படியாகத் தடுமாறுகிறவனின் இடர் எங்கே என்பது தெரிவதும் இல்லை. உங்கள் மாணவன் சொன்ன அந்தச் சொல் கொடியதுதான். ஆனாலும் அவன் உண்மையாகவே வியந்து கேட்டிருக்கக் கூடும்.


மறுமொழி 2: பள்ளி ஆலோசகர்

மேலே ஐயா எழுதியது பாடத்தைப் பற்றியது. நான் உங்கள் மாணவியைப் பற்றி எழுதுகிறேன். எளிய கணக்கில் பிழை, கடினமானதில் சரி என்ற தோற்றம் எனக்கு நன்கு அறிமுகமானது. வளரிளம் பருவத்தில் உடன்பயில்வோரின் ஏற்பு என்பது மதிப்பெண்ணைவிட விலையுயர்ந்தது. முதல் மதிப்பெண் வாங்கினால் கூட்டத்தில் இடமில்லை என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால், மதிப்பெண்ணைக் கொடுத்து இடத்தை வாங்கிக்கொள்வாள். அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ படித்துவிடக் கூடாது.

ஆகவே வகுப்பின் முன் அவளைப் புகழாதீர்கள். விடைத்தாளை உயர்த்திக் காட்டாதீர்கள். அவளுடைய குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். அவள் அதே ஓரத்தில் விடை எழுதி அனுப்பட்டும். வாயால் பேசாத பல பிள்ளைகள் இப்படிப் பக்கம் பக்கமாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, அவளைத் தனியாக அமர்த்தாமல், ஒத்த திறன் உள்ள மூவர் நால்வரை ஒரே குழுவாக அமைக்க முடியுமா என்று பாருங்கள். தன்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்பதைக் காண்பதே அவளுக்குப் பாதி மருந்து. அடுத்த ஆண்டு பிரிவுகள் பிரிக்கும்போது, இப்படிப்பட்டவர்களைப் பிரிவுக்கு ஒருவராகச் 'சமமாக' பங்கிட்டுவிடாமல், ஒரே பிரிவில் சிலராகச் சேர்த்து வைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

புகழ்ச்சி பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையை முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் 'நீ அறிவாளி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றும் சொன்னார்கள். அறிவாளி என்று புகழப்பட்டவர்கள் அடுத்து எளிய வேலையை நாடினார்கள். தோல்வி வந்ததும் விரைவில் தளர்ந்தார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம். உங்கள் முதல் மாணவன் இதுவரை கேட்டதெல்லாம் முதல் வகைப் புகழாகவே இருந்திருக்கும். உண்மையிலேயே கடினமான வேலையை அவனிடம் கொடுத்தால், அவன் முதலில் கோபப்படக் கூடும். ஆயத்தமாக இருங்கள்.

எழுத வராத மூன்றாமவன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது உண்டு. ஒன்று மற்றொன்றை மறைப்பதால், இரண்டும் வெளியே தெரியாமல் 'சராசரி' என்ற பெயரில் ஒளிந்துகொள்கின்றன. தக்க நிபுணரிடம் சோதிக்கப் பரிந்துரையுங்கள். அதுவரை, அவன் விளக்கத்தை வாய்மொழியாக ஏற்று மதிப்பெண் கொடுங்கள். எழுத்து திருந்திய பிறகுதான் கடினமான கணக்கு என்று நிபந்தனை போட்டால், அவனுடைய வலுவான பகுதிதான் பட்டினி கிடக்கும்.


மறுமொழி 3: மொழிப்பாட ஆசிரியர்

மன்னிக்கவும், நான் சற்று எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன். 'மீத்திறன்' என்ற முத்திரையை யாருக்குக் குத்துவது என்பதில் நமக்கு இருக்கும் உறுதி அளவுக்கு மீறியது. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-இல் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனையின் வழியே ஏறத்தாழ 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சோதனையில் தேறாமல் விடப்பட்ட சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். முன்னவருக்கு 1956-இலும் பின்னவருக்கு 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு கவனமாகப் போட்ட வலையிலேயே இந்த ஓட்டை என்றால், 'விடையை முதலில் சொல்கிறவன்' என்ற நம்முடைய வலை எப்படிப்பட்டது?

முன்தேர்விலும் ஓர் இடர் இருக்கிறது. வீட்டில் முன்கூட்டியே பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளை அதில் தேறும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத, ஆனால் ஒருமுறை கேட்டதும் பற்றிக்கொள்கிற பிள்ளை தேறாது. முந்திக் கற்றதும் விரைந்து கற்பதும் வேறு வேறு. என் வகுப்பில் ஒரு கவிதைக்கு இரண்டு முரண்பட்ட விளக்கங்கள் கொடுத்து, எது பொருந்தும் என்று வரிகளைக் காட்டி வாதிடச் சொல்கிறேன், வகுப்பு முழுவதிடமும். முதல் பருவத்தில் நான் கவனிக்கவே செய்யாத ஒரு பையன் அதில் எழுந்து பேசினான். ஆழமான கேள்வியை முதலில் எல்லாருக்கும் திறந்து வையுங்கள். யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்த பிறகு, அவர்களுக்கு வழிவிடுங்கள்.


கேள்வி கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பின்

மூவருக்கும் நன்றி. விழுக்காடு அலகில் முயன்று பார்த்தேன். முன்தேர்வை எழுத முன்வந்தவர்கள் பதினான்கு பேர். 90-ஐத் தாண்டியவர்கள் ஐவர். அவர்களில் இருவரை நான் எதிர்பார்க்கவே இல்லை. மாணவி எழுதினாள், தேறினாள், இந்த முறை எளிய கணக்குகளில் பிழை இல்லை. மொழிப்பாட ஐயா சொன்னதை மனத்தில் கொண்டு, நட்சத்திரக் கணக்குகளை ஒவ்வொரு பாடத்தின் நடுவிலும் அனைவருக்கும் வைக்கிறேன். முன்தேர்வில் தேறாத ஒருவன் அதன் வழியே உள்ளே வந்தான்.

எனக்கு வியப்பளித்தது அந்த முதல் மாணவன்தான். ஒரு பொருளின் விலையை 10 விழுக்காடு ஏற்றி, பிறகு 10 விழுக்காடு இறக்கினால் பழைய விலை வருமா என்பது கேள்வி. 'வரும்' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தான். 100 என்பது 110 ஆகி, 99-க்கு இறங்கும் என்பதை அவன் போட்டுப் பார்க்கவே இல்லை. ஐந்து நட்சத்திரக் கணக்குகளில் மூன்றுதான் சரி. தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பதிலாகச் செய்யும் வேலைக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? கடினமான வேலையில் மதிப்பெண் குறைந்தால், எளிய வேலையே மேல் என்று அவர்கள் திரும்பிவிட மாட்டார்களா? இன்னொன்று, அந்த மாணவனின் பெற்றோர் அவனை ஒரு வகுப்புத் தாண்டி மேலே போடும்படி கேட்கிறார்கள்.


மறுமொழி 4: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

முன்தேர்வில் எடுத்த மதிப்பெண்ணையே அந்த அலகுக்கான மதிப்பெண்ணாகப் பதிவுசெய்துவிடுங்கள், அம்மா. பதிலாகச் செய்யும் வேலைக்கு எண் போடவே வேண்டாம். எங்கே வாதம் நிற்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். மதிப்பெண்ணை இழக்கும் அச்சம் நீங்கினால்தான் அவர்கள் துணிந்து தவறு செய்வார்கள்.

வகுப்புத் தாண்டுவது பற்றிப் பொதுவாக ஆசிரியர்களுக்கு இருக்கும் அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. நன்கு தேர்ந்தெடுத்துச் செய்யப்பட்டவர்கள் படிப்பில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார்கள். என்றாலும் உங்கள் மாணவனுக்கு இப்போதே அதைச் செய்ய மாட்டேன். ஐந்தில் மூன்று என்பது, அவன் விரைவுக்கும் ஆழத்துக்கும் இடையில் இன்னும் இடைவெளி இருப்பதைக் காட்டுகிறது. கால அட்டவணை இடங்கொடுத்தால், அடுத்த பருவத்தில் கணிதப் பாடவேளைக்கு மட்டும் எட்டாம் வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள்; திரும்பி வருவது தோல்வி ஆகாது என்று முன்பே எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரை அழைத்துப் பேசும்போது அவனும் அங்கே இருக்கட்டும்.

கசக்கிய தாளைப் பற்றி: அவனிடம் அதைக் கேட்காதீர்கள். ஏற்றிய அதே விழுக்காட்டில் இறக்கினால் எப்போதுமே குறைவாகத்தான் வருமா, முதலில் இறக்கிப் பிறகு ஏற்றினால் என்ன ஆகும், பழைய விலைக்கே திரும்ப எத்தனை விழுக்காடு இறக்க வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அவன் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் காத்திருங்கள். என்ன எழுதிக்கொண்டு வருகிறான் என்பதை இங்கே சொல்லுங்கள். எனக்கும் பார்க்க ஆவலாக இருக்கிறது.